கெட்ட சொல் இல்லாத குறிப்பு

என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பைகள் கொண்டுவந்தாள். துணிப்பையை என் மனைவி வாங்கி உள்ளே வைத்தாள். மடிக்கணினி இருந்த பையை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. நிறைமாத வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே வாசல்படி ஏறினாள்.

நான் நைனார்பாளையத்துக்காரன். கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. காலையில் குளித்து, விளக்கேற்றி, முருகனைக் கும்பிட்டுத் திருநீறு இட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். பொழுது சாயும்போது திரும்புவேன். கம்ப்யூட்டர் என்றால் எனக்குக் கடையில் பில் அடிக்கிற பெட்டி. அதற்கு மேல் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இருந்ததில்லை.

மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். மாசமானதும் அதை விட்டுவிட்டாள். விட்ட பிறகு அவளாகத் தனியே எடுத்த முதல் வேலை வெள்ளிமலையில் கிடைத்தது. அங்கே மலைப்பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து சாமை, தினை உமி நீக்கும் சின்ன மில் ஒன்று நடத்துகிறார்கள். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பெண்கள் தானியத்தைத் தலையில் சுமந்து நடந்து வருவார்கள். முறை வைத்துத்தான் அரைப்பது. கரண்டு இல்லாத நாளிலோ பெல்ட் அறுந்த நாளிலோ வந்துவிட்டால், அதே சுமையோடு திரும்ப மேடேற வேண்டியதுதான். இன்றைக்கு வா, நாளைக்கு வராதே என்று அவரவர் போனுக்குத் தகவல் போகிற மாதிரி ஒரு புரோகிராம் செய்து தருவதாக என் மகள் ஒப்புக்கொண்டிருந்தாள்.

இது நல்லபடியாக அமைந்தால் இப்படியே வீட்டிலிருந்து வேலை செய்யலாம், குழந்தையைப் பிரிய வேண்டாம் என்பது அவள் கணக்கு. அமையாவிட்டால் கணினியை மூடி வைத்துவிடு என்று அவள் புகுந்த வீட்டில் முன்னமே சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அந்தப் பையை அப்படிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

புரோகிராமை அவள் ஒருத்தியாக எழுதவில்லை. ஏஐ ஒன்று கூட இருந்தது. அவள் என்ன வேண்டும் என்று சொல்வாள், அது எழுதும். எழுதியதை இவள் படித்துப் பார்த்துத் திருத்துவாள். குழந்தை பிறக்கும்வரை அப்படி ஓடியது. பிரசவம் ஆபரேஷனாகிவிட்டது. உட்கார்ந்தால் தையல் இழுத்தது. குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று அடிக்கடி பால் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் படுத்தபடியே சொல்ல, நான் தட்டச்சு செய்வது என்று ஆயிற்று. முக்காலி மேல் கணினியை வைத்து, கீழே பாயில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தமிழில் தட்டுவேன். காலையில் பஸ்ஸுக்கு முன்னால் கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம். கடையில் மூட்டை தூக்கி வருகிற அலுப்பைவிட அந்த அலுப்பு பெரிதாக இருந்தது.

முதல் நாள் நான் அதற்கு வணக்கம் எழுதி, எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்றும் எழுதினேன். எவ்வளவு அழகாக வாழ்த்துச் சொன்னது! மறுநாள் உட்கார்ந்ததும் பேத்திக்குக் காமாலை இறங்குகிறது என்று தட்டப்போனேன். மகள் தடுத்தாள்.

"அதுகூடப் பேசற செஷனுக்கு ஒரு அளவு இருக்குது, நேத்தோட அது ரொம்பிப் போச்சுப்பா. இது புதுசு."

"புதுசுன்னா இன்னாம்மா? அதே ஆள்தான?"

"ஆள் அதேதான். ஆனா நேத்து நடந்தது ஒண்ணும் அதுக்குத் தெரியாது. நாமதான் எழுதி வெக்கணும். இதுவரைக்கும் இன்னா ஆச்சு, இன்னா ஆவல, எதத் தொடக்கூடாதுன்னு. அதப் படிச்சிட்டுத்தான் வேலைய ஆரம்பிக்கும்."

"என் பேத்தி பொறந்ததுகூடத் தெரியாதா?"

"நீ எழுதினா தெரியும்."

எனக்கு ஏனோ மனசு சங்கடப்பட்டது. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாங்க, பழைய ஆபீசர் மாத்தலாயிட்டாரா? புது ஆபீசருக்கு மால வாங்கினு வரட்டுமா?" என்றாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ஆபீசர் என்றே பேர். செஷன் மாறினால் மாற்றல்.

ஒவ்வொரு மாற்றலுக்கும் ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். நான் எந்தத் தாளில் எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டு, முருகன் துணை என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த எழுத்து எழுதுவேன். இதிலும் அப்படியே செய்தேன். புது ஆபீசர்கள் ஒருவரும் அதை எடுக்கவில்லை. அவர்களாகக் குறிப்பைத் திருத்தி எழுதும்போதும் முதல் வரியை அப்படியே விட்டிருந்தார்கள். எனக்கு அதில் ஒரு நிம்மதி. ஆனால் எத்தனை முறைதான் முதலிலிருந்து சொல்வது? மில் என்றால் எது, அந்தக் குழுவின் தலைவியான மில் அக்கா யார், ஏன் பெண்கள் நடந்து வருகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும். முருகனிடம்தான் விட்ட இடத்திலிருந்து சொல்ல முடியும், மற்ற எல்லாரிடமும் மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது என்று அலுப்பில் நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு பிற்பகல், செஷன் நிரம்பிவிட்டது, குறிப்பு எழுத வேண்டும் என்றாள் மகள். ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள்.

"எழுதிக்கோப்பா. மெசேஜ் அனுப்பற எடம் செத்துக் கெடக்குது. அனுப்பிட்டேன்னு காட்டும், ஆனா ஒருத்திக்கும் போய்ச் சேராது. மெசேஜ் கம்பெனிக்காரன் இன்னும் அனுமதி தரல."

தூளியில் துணி மாற்றிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பினாள்.

"இன்னா பேச்சு பேசற நீ? பச்ச ஒடம்புக்காரி, மடியில புள்ளைய வெச்சுக்கினு செத்துக் கெடக்குதுன்ற?"

"ம்மா, அது புரோகிராம்மா. நாங்க அப்டித்தான் பேசுவோம்."

"ஒங்க ஆபீசுல பேசு. இது புள்ள பொறந்த வூடு."

"சரி, சாவல. படுத்துக் கெடக்குது. போதுமா?"

"படுத்தும் கெடக்க வாணாம்."

மகள் சிரித்துவிட்டு, "சிரிக்க வெக்காதம்மா, தையல் வலிக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம் மீதியைச் சொன்னாள். அனுமதி வரும்வரை, யார் வரலாம் யார் வரக்கூடாது என்ற பட்டியல் மில் அக்காவின் போனில் உள்ள புரோகிராமுக்கே போகட்டும், அதற்கு அனுமதி வேண்டாம். அக்கா ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்வார். அந்த ஏற்பாட்டை மட்டும் தொடாதே என்று எழுது. சொல்லி முடிப்பதற்குள் மகளுக்குக் கண் சொருகியது. குழந்தையும் தூங்கிவிட்டது.

நான் பிள்ளையார் சுழி போட்டு எழுதத் தொடங்கினேன். மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கெட்டது எதையும் எழுதாதீங்க. தீட்டே இன்னும் கழியல. எழுதறதுக்கு ஒரு பலம் இருக்குது."

அவள் சொன்னதில் எனக்கும் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், மலையேத்து என்போம். வெளியே கிளம்பும்போது போறேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. தூளிக்குக் கீழே உட்கார்ந்து செத்தது, போகாது, வராது என்று எழுத எனக்கே விரல் வரவில்லை. 'மெசேஜ் பகுதி நல்லபடியாக அமைந்துள்ளது. அனுமதியும் முருகன் அருளால் கைகூடும். மில் அக்காவுக்குப் பட்டியல் போய்க்கொண்டிருக்கிறது. மற்றவை யாவும் நலம்' என்று எழுதினேன். தொடாதே என்பதையும் விட்டுவிட்டேன். அவ்வளவு படித்த ஒருவருக்கு நான் உத்தரவு போடுவது மரியாதையாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை புது ஆபீசர் குறிப்பைப் படித்தார். தானாக ஒரு சோதனையும் செய்து பார்த்தார். அனுப்பப்பட்டது என்றே காட்டியது. பிறகு என்னைக் கேட்டார்: மெசேஜ் பகுதி வேலை செய்வதால் அக்காவுக்குத் தனியே பட்டியல் அனுப்புவது இரட்டை வேலையாக இருக்கிறது, அதை எடுத்துவிடலாமா என்று. மகள் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். ராத்திரி முழுக்கக் குழந்தை அழுத வீடு. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அத்தனை பணிவாகக் கேட்கிறவரிடம் வேறென்ன சொல்வது? 'தங்கள் விருப்பப்படி செய்யுங்கள்' என்று தட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் மலையில் பராமரிப்புக்காகக் கரண்டு நிறுத்தினார்கள். முந்தின நாளே அக்கா தன் போனில் அந்தப் புரோகிராமில் 'நாளைக்கு மில் இல்லை' என்று போட்டிருக்கிறார். அனுப்பப்பட்டது என்று வந்திருக்கிறது. வழக்கமாக வரும் பட்டியலும் வரவில்லை. சரி, இனிமேல் நாம் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட வேண்டாம், எல்லாம் அதுவே பார்த்துக்கொள்கிறது என்று சந்தோஷப்பட்டுத் தூங்கியிருக்கிறார். காலையில் மில்லுக்கு வந்தால் பூட்டிய கதவுக்கு முன்னால் பெண்கள் மூட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் கடையிலிருந்து திரும்பியபோது மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கணினி மடியில் இருந்தது. முகம் வெளுத்திருந்தது. அக்கா போனில் என்ன பேசினார் என்று அவள் முழுதாகச் சொல்லவில்லை.

"அமைந்துள்ளதுன்னா இன்னாப்பா அர்த்தம்?" என்று கேட்டாள்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தூளியைப் பார்த்தாள்.

"நா இன்னா சொன்னேன், நீ இன்னா எழுதி வெச்சிருக்க? அது இத நம்பித்தானப்பா வேல செய்யும். அதுக்கு நம்ம வூடு தெரியுமா, தீட்டு தெரியுமா?"

"நாந்தான் எழுத வாணாம்னு சொன்னேன்" என்றாள் என் மனைவி. "அவர திட்டாத."

"யாரையும் திட்டலம்மா. திட்டத் தெம்பில்ல." கணினியை மூடி முக்காலியில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "நீயே ஒருவாட்டி மலைக்குப் போய்ட்டு வந்துருப்பா. போன்ல மன்னிப்பு கேட்டா நல்லா இருக்காது. வாணாம்னு சொல்லிட்டாங்கன்னா என்னால இன்னொரு எடத்துல போயி வேல கேக்க முடியாது."

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் பஸ் மலைப்பாதையில் வளைந்து ஏறியது. இந்த மேட்டில் நான் பஸ்ஸில் ஏறுகிறேன், அந்தப் பெண்கள் சுமையோடு நடந்து ஏறியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லாம் உமித்தூசி. அக்கா என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் என் மகள் அக்கா என்பதால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அக்கா. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வாசலில் அரைத்த சாமையைப் புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், நான் யார் என்று தெரிந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்கதானா அந்த மிசினு வூட்டுக்காரரு? நல்லாருப்பீங்க. என் சாமைக்கு ஊரு சுத்திக் காட்டிட்டு திரும்ப வூட்டுக்கே இட்டுக்கினு போனேன். அதும் பாவம், வெளிய வாசல பாக்காம குதிருலயே கெடந்துச்சு."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வருவது போல இருந்தது. தப்பு எங்கள் பக்கம்தான் என்று கும்பிட்டேன்.

"அத வுடுங்கண்ணே" என்றார் அக்கா. "எப்டி ஆச்சு? அது சொல்லுங்க."

மறைக்காமல் சொன்னேன். குழந்தை பிறந்த வீடு, கெட்ட சொல் எழுதக்கூடாது என்று நல்ல சொல்லாக எழுதினோம், அது அதை நம்பிவிட்டது என்றேன். அக்கா நெற்றியில் கை வைத்தார்.

"அட சாமி! இங்க பெல்ட் அறுந்தா, பெல்ட் சௌக்கியமா கீதுன்னா சொல்ல முடியும்?"

"முடியாதுங்க."

"எங்கூட்லயும் புள்ள பெத்தவ இருந்தா அப்டித்தான் பேசுவோம், இல்லன்னு சொல்லல. ஆனா இவளுங்க காலு வலிக்குது பாருங்க." குரலைத் தாழ்த்தினார். "வர்ற நாயித்துக்கெழம கூட்டம். இது நமக்கு வேணுமா, பழையபடி நானே கூப்ட்டுச் சொல்லிக்கலாமான்னு அவளுங்கதான் சொல்லணும். நா பேசிப் பாக்கறேன். அடுத்த கரண்டு கட்டுக்கும் இப்டி ஆச்சுன்னா நா வாயத் தொறக்க முடியாதுண்ணே. ஒங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

கிளம்பும்போது ஒரு சின்னப் பையில் சாமை போட்டுக் கொடுத்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுங்கள் என்றார். வாங்கக் கூச்சமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அக்கா சொன்னதை மகளிடம் சொன்னேன். அவள் உடனே கணினியை எடுக்கச் சொன்னாள். மறுபடி ஒரு மாற்றல். மறுபடி ஒரு குறிப்பு. நான் முதல் வரியை எழுதிவிட்டு மனைவியைப் பார்த்தேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நா காதுல வாங்கல. புள்ளையும் வாங்கல. எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நான் ஒவ்வொரு சொல்லாகத் தட்டினேன். மெசேஜ் போகவில்லை. போனது போலக் காட்டும், அதை நம்பக்கூடாது. அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. அக்காவுக்குப் போகும் பட்டியலை எடுத்ததால் பெண்கள் சுமையோடு வந்து திரும்பிப் போனார்கள். அதை முதலில் திரும்ப வை. அனுமதி வந்துவிட்டது என்று நாங்கள் சொல்லும்வரை அதைத் தொடாதே. 'தொடாதே' என்று எழுதும்போது, 'தயவுசெய்து' என்று முன்னால் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"சேத்துக்கோப்பா" என்றாள் கண்ணை மூடியபடி.

புது ஆபீசர் படித்துவிட்டு, எது செய்யக்கூடாது என்று தெளிவாகச் சொன்னதற்கு நன்றி என்று எழுதினார். திரையில் காட்டுவதை நம்பாமல் ஓர் உண்மையான போனில் சோதித்துப் பார்க்கலாம், ஓர் எண் கொடுங்கள் என்றார். என் எண்ணைக் கொடுத்தேன். அனுப்பப்பட்டது என்று திரையில் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது பாயில் அப்படியே கிடந்தது. வரவில்லை என்று எழுதினேன். சரி, அப்படியானால் பட்டியல் வழியாகவே போவோம் என்று, எடுத்ததைத் திரும்ப வைத்தார். அக்காவின் போனுக்குப் பட்டியல் போனதா என்று மகள் போன் செய்து கேட்டாள். வந்துவிட்டது என்றார்.

அதன் பிறகு என் மனைவி வெளியே வந்தாள். ஒரு தட்டில் சூடம் ஏற்றி, மகளுக்கும் குழந்தைக்கும் சுற்றினாள். பிறகு கணினிக்கும் சுற்றினாள்.

"அதுக்கு எதுக்கும்மா?"

"அவ்ளோ கெட்ட வார்த்தய முழுங்கியிருக்குது. அதுக்குந்தான்."

ஞாயிறு கூட்டத்தில் ஒரு முடிவும் ஆகவில்லை. இன்னும் ஒரு கரண்டு கட்டு பார்ப்போம் என்று விட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு மகள் சந்தோஷமும் படவில்லை, வருத்தமும் படவில்லை. தினம் காலையில் நான் குறிப்பைப் படித்துக் காட்டுவேன், அவள் திருத்துவாள், ஆபீசர் வேலை செய்வார், நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். கடையில் யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை தூங்கிவிட்டேன். பேத்தி ராத்திரியில் தூங்கவிடவில்லையா என்று முதலாளி சிரித்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை மலையில் மறுபடி கரண்டு நிறுத்தினார்கள். எனக்கு அது முன்னமே தெரியும். முந்தின நாளே அக்கா சொல்லியிருந்தார். மகளுக்கும் தெரியும். பகல் முழுக்கக் கடையில் போனைச் சட்டைப்பையில் வைக்காமல் கல்லா மேலேயே வைத்திருந்தேன். மாலையில், பஸ்ஸில் சீட்டு கிடைத்து உட்கார்ந்த நேரத்தில் அடித்தது.

"ஒருத்தியும் வரலண்ணே" என்றார் அக்கா.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "யாரும் வரலீங்களா?"

"ஒருத்தியும் வரல. நாந்தான் காலையில போயி கதவாண்ட நின்னு பாத்துட்டு வந்தேன். பட்டியல் நேத்தே வந்துச்சு, எல்லாத்தையும் கூப்ட்டுச் சொல்லிட்டேன். அந்தச் சாமைக்காரிகூட வூட்லதான் கீறா." சிரித்தார். "அவளுங்ககிட்ட பேசிட்டேன். அனுமதி வர்றவரைக்கும் இப்டியே போவட்டும்னுட்டாங்க. வந்த பின்னாடி மெசேஜும் ஒங்க பொண்ணே பாக்கட்டும். வேற யாரையும் கேக்கப் போறதில்ல."

பஸ்ஸிலேயே கை கூப்பினேன். பக்கத்தில் இருந்தவர் என்ன கோயில் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை குழந்தை மேல். முக்காலியில் கணினி திறந்தே இருந்தது. எழுப்பிச் சொல்ல வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த மாதத்தில் அவள் இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. குழந்தை சிணுங்கத் தொடங்கியது. அழுதால் இவள் எழுந்துவிடுவாள் என்று மெல்லத் தூக்கித் தூளியில் போட்டு ஆட்டினேன். அவளாக எழுந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சட்டையைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.